திருவலைச் சத்தம் நின்றபோது

“மூன்று மாதங்களுக்கு முன் கொடிகாமத்துக்கு அருகே மோட்டார் சைக்கிள் விபத்தொன்றை நேரில் கண்டேன். இரத்தமோ அலறலோ அல்ல, மோதுவதற்குச் சற்று முன் கைபிடியில் தொங்கிய சிவப்புச் சொப்பிங் பைதான் திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது. ஒரு மனிதர் சாகும்போது பையைப் பார்த்த நான் இரக்கமற்றவனா? எத்தனை முறை வந்தது என்று தினமும் கொப்பியில் குறித்துவைக்கிறேன். அம்மா நூல் கட்டச் சொல்கிறார்.”
– வாசகர், சாவகச்சேரி

அன்புள்ள தம்பி,

நூலைக் கட்டுங்கள், அம்மாவின் மனம் ஆறட்டும். நித்திரை கெட்டு, வேலையும் குழம்புகிறதென்றால் யாழ் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கொப்பியை இன்றைக்கே அடுப்பில் போடுங்கள். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது? 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதிருக்கச் சொல்லி, நினைவு வந்தால் மணியடிக்கச் சொன்னார். மணி பலமுறை அடித்தது. வரக்கூடாது என்று காவலிருப்பவன் வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்ப்பதற்கே அதை நினைக்க வேண்டியிருக்கிறது. நீங்களோ மணியையும் கையிலேயே வைத்திருக்கிறீர்கள்.

பையைப் பார்த்ததில் இரக்கக்கேடு எதுவுமில்லை. அச்சத்தில் கவனம் ஒடுங்கிவிடும். கொடுமைக்குச் சற்று முன்னர் கண்ணிலோ காதிலோ பட்டதை, அடுத்தமுறை எச்சரிப்பதற்கென்று மனம் எடுத்துவைத்துக்கொள்கிறது என்று உளவியலாளர் சிலர் விளக்குவர். பிறகு பதற்றம் கூடக்கூடக் கண் அதையே தேடும். சந்தையில் நூறு பை தொங்கினாலும் சிவப்புப் பைதான் உங்களுக்குத் தெரியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன். 1990இல் ஒரு காலைப்பொழுதில் சின்னம்மா குசினி வாசலில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் விறாந்தையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். திருவலைச் சத்தம் சட்டென்று நின்றது. குண்டுபோட வந்த பொம்பர் விமானத்தின் இரைச்சல் என் காதுக்கு எட்டுமுன்னரே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். “ஓடு” என்றார். நான் பங்கருக்குள் விழுந்தேன், அவர் வந்து சேரவில்லை. பின்னர் கண்டவையெல்லாம் மங்கிவிட்டன. அந்தச் சத்தம் நின்ற கணம் மட்டும் மங்கவில்லை. நெடுங்காலம் வீட்டில் தேங்காய் திருவும்போதெல்லாம் எழுதுவதை விட்டு, எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அதுதான் என் கொப்பி, தம்பி.

இப்போது என் மனைவி தேங்காய்ப் பாதியைத் திருவி நிறுத்துவதற்கு முன்பே குசினியிலிருந்து குரல் கொடுத்துவிடுவார்: “இந்தப் பாதி முடிஞ்சுது, மற்றப் பாதி எடுக்கிறன்.” சில நாள்களில் அது என் காதில் விழுவதே இல்லை.