எதிர்வீட்டு மாடியில் ஹாம் ரேடியோ: பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர் மொட்டை மாடியில் இரும்புக் கம்பம் நட்டு ஆன்டெனா வைத்திருக்கிறார். கம்பத்திலிருந்து இரண்டு பக்கமும் நீளமாகக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார். கேட்டால் "ஹாம் ரேடியோ, லைசென்ஸ் இருக்கிறது" என்கிறார். கேன்சர் வரும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வீட்டில் 3 வயதுப் பேரன் இருக்கிறான், என் கணவருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. அவர் பேசும்போதெல்லாம் எங்கள் டிவி ஸ்பீக்கர் கரகரக்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் மனு கொடுக்கலாமா?

பதில்: அம்மா, அந்தக் கரகர சத்தம்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். டிவிக்குள்ளேயே புகுந்துவிட்டது, பேரன் உடம்புக்குள் புகாதா என்று யாருக்கும் தோன்றும். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் தன்னையறியாமல் ஒரு ஆன்டெனாவாக வேலை செய்கிறது. அதில் சிக்கும் சமிக்ஞை மிகமிகச் சிறியது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் வேலையே சின்னதைப் பெரிதாக்குவதுதான். அது இதையும் பெருக்கிச் சத்தமாக்கிவிடுகிறது. உங்கள் டிவி சென்சிட்டிவானது என்பதற்குத்தான் அந்தச் சத்தம் அடையாளம், அலை பலமாக இருக்கிறது என்பதற்கு அல்ல. நானும் ஹாம்தான், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுகிற ஆள். நான் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு அம்மாவின் ஸ்பீக்கரும் சேர்ந்து பேசும். லேப்டாப் சார்ஜர் ஒயரில் உருண்டையாக ஒன்று இருக்கும் பாருங்கள், அது ஃபெரைட், ஒயரில் ஏறும் ரேடியோ சமிக்ஞையைத் தடுக்கும் பொருள். அதே பொருளில் ஒரு வளையம் வாங்கி, ஸ்பீக்கர் ஒயரை ஏழு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். அன்றோடு சத்தம் நின்றது. உங்கள் எதிர்வீட்டுக்காரரிடமும் இதைத் தாராளமாகக் கேளுங்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். ரேடியோ அலைக்கு எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி கிடையாது. பலமாக இருந்தால் உடம்பைச் சூடாக்கும், அவ்வளவுதான். எனவே எவ்வளவு பவர், எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. அவர் 144 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் அனுப்புகிறார், ஆன்டெனா அதை நான்கு மடங்கு குவித்து நேராக உங்கள் சன்னலை நோக்கியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தள்ளி இருக்கும் உங்களுக்கு வந்து சேர்வது சதுர மீட்டருக்குச் சுமார் 0.16 வாட். இந்த அலைவரிசையில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 2 வாட். அதுவும் அவர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தால்தான்; ஹாம்கள் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். அந்த நீளக் கம்பி குறுஅலைக்கு, அதாவது நான் சொன்ன 7 மெகாஹெர்ட்ஸ் போன்றவற்றுக்கு. அதற்கு வேறு மாதிரி கணக்குப் போட வேண்டும் என்றாலும், 100 வாட்டுக்குச் சில மீட்டர் தள்ளியிருந்தால் போதும்.

கேன்சர் பேச்சு சும்மா கிளம்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. 'வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் போதவில்லை' என்று அதற்குப் பொருள். அப்போது முக்கியமாகப் பார்த்தது செல்போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுபவர்களைப் பற்றிய ஆய்வுகளை. மண்டையை ஒட்டியிருக்கும் போனும் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆன்டெனாவும் ஒன்றல்ல.

பேஸ்மேக்கர் விஷயத்தில் என் வார்த்தையோடு நிற்க வேண்டாம். உங்கள் கணவரிடம் மாடல் எண் போட்ட அட்டை இருக்கும். ஹாம் ரேடியோவிலிருந்து எத்தனை அடி விலகியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பே கொடுக்கிறார்கள். இந்த அளவு பவருக்கு அது பெரும்பாலும் சில அடிகள்தான். அட்டையைக் காட்டி இதய மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் கவலைப்படுவது கம்பத்தையும் கம்பியையும் பற்றித்தான். கம்பம் சாய்ந்தால் ஈ.பி. லைன் மேல் விழுமா? இது உயிர் போகிற விஷயம். கம்பத்தின் உயரத்தைவிட லைன் தள்ளி இருக்க வேண்டும். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா, மின்னலுக்கு எர்த் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம், 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி மொத்தம் 20 மீட்டர் நீளம் வரும். நம் ஊர் மனையில் அது அடங்காது; நுனியைத் தாழ்வாகக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிடுவார்கள். அவர் பேசும்போது அந்த நுனியில் வோல்டேஜ் மிக அதிகம், தொட்டால் சுட்டுவிடும். மாடியில் வற்றல் காயப்போடப் போகிறவர்களுக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் எட்டாத உயரத்தில் அது இருந்தே ஆக வேண்டும்.

லைசென்ஸைக் காட்டச் சொல்வதிலும் தப்பில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்துத்தான் அதைக் கொடுக்கிறது. அழைப்புக் குறியீடு 'வி.யு.' என்று தொடங்கும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் வைத்திருந்த பாரதி பிரசாத் வழியாகத்தான் அந்தமானிலிருந்து பலருடைய செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட வசதி தெருவில் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

மனு இப்போது வேண்டாம். ஒரு சாயங்காலம் உங்கள் கணவரை வீட்டில் டிவி போட்டுவிட்டு உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்வீட்டுக்குப் போய், அவரைப் பேசச் சொல்லி, எந்த அலைவரிசையில், எத்தனை வாட்டில் கரகரக்கிறது என்று கணவரிடம் போனில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே ஃபெரைட் போட வேண்டும் என்பதை அந்தக் குறிப்பை வைத்து எதிர்வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். ஈ.பி. லைன் பக்கம் கம்பம் சாய வழியிருந்து, சொல்லியும் அவர் மாற்றவில்லை என்றால், அப்போது எழுதுங்கள் மனு.