உழக்கும் கேள்வியும்

கேள்வி: டீச்சரம்மா, எங்கள் தெருவில் ஒரு அக்கா மாசக் கடைசியானால் அரிசி கேட்டு வருவாங்க. வீட்டுக்காரர் கொத்தனார், கூலி முழுக்கக் குடிக்கே போகிறது. நான் கொடுத்துவிடுவேன். 'நீ கொடுக்கப்போய்தான் அவன் குடிக்கான்' என்று எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்கிறார்கள். நான் செய்வது தப்பா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தப்பே இல்லை, மகளே. கொடு.

சாயர்புரம் பக்கம் நான் வேலை பார்த்தபோது இப்படித்தான் ஒருத்தி வந்து நின்றாள். உழக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவன் எங்கே, நீ பீடி சுத்தினால் என்ன, பிள்ளைகளை ஏன் ஹாஸ்டலில் விடவில்லை என்று. தலை குனிந்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, அரிசியை வாங்கிப் போனாள். அப்புறம் வரவே இல்லை. சில நாள் கழித்து அவள் மூத்த பிள்ளை என் வகுப்பிலேயே மயங்கி விழுந்தான். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதாம். அவர்கள் வீட்டிலிருந்து என் வீடு நாலாவது வீடு. இன்றைக்கும் ஜெபத்தில் அந்தப் பிள்ளை முகம் வந்துவிடுகிறது.

இயேசு சொன்ன உவமையில், எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம், 'தனியாக ஏன் வந்தாய்?' என்று சமாரியன் கேட்கவில்லை. காயம் கட்டினான். சத்திரக்காரன் கையில் இரண்டு பணம், அந்தக் காலத்து இரண்டு நாள் கூலி, கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். நீயும் அப்படிச் செய்யலாம். ரொக்கமாகக் கொடுத்தால் அந்த அக்காவின் வீட்டுக்காரர் பிடுங்கிவிடுவார் என்று பயமிருந்தால், மளிகைக் கடையில் சொல்லி வை. அந்த அக்காவே பையோடு போய் வேண்டியதை வாங்கட்டும்.

சங்கத்து அக்காமாரிடம் ஒன்று கேள்: சபை விருந்தான அசனப் பந்தியில் இலை போடும்போது குடிகாரனா, சபைக்குச் சங்கம் என்கிற சந்தா கட்டினவனா என்று விசாரித்தா சோறு போடுகிறோம்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கி நின்றபோது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் பயணிகள் யார் எவர் என்று பார்க்காமல் சமைத்துப் போட்டார்களே!

அவருடைய குடியும் ஒரு நோய்தான். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் செய்தும் கேட்கலாம். நாள்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் டாக்டரைப் பார்க்காமல் நிறுத்தச் சொல்லாதே. ஆனால் இந்தப் பேச்சை அரிசி அளக்கும்போது எடுக்காதே. அது வேறு நாள், வேறு பேச்சு.

இந்த மாசம் கடைசி வரை காத்திராதே. இருபதாம் தேதியே பின்வாசல் வழியாக நீயே கொண்டுபோய்க் கொடு. பிள்ளைகள் இருந்தால் ஒரு பாக்கெட் பாலும் சேர்த்துக்கொள்.