கொரோனா தடுப்பூசி இரண்டாம் டோஸ் போட்ட அப்பா எப்போது வெளியே போகலாம்?

மெரினா நடைப்பயிற்சிக்கு அப்பா நாளையே போகலாம். தி.நகர் கல்யாண மண்டபம் மட்டும் இப்போது வேண்டாம். கோவிஷீல்டு இரண்டாம் டோஸ் போட்டு நான்கு நாள்தான் ஆகிறது என்கிறீர்கள்; முழுப் பலன் கிடைக்க இரண்டு வாரமாவது ஆகும்.

இதற்காக வீட்டில் சண்டை என்கிறீர்கள்; அது கடற்கரை, மண்டபம் இரண்டையும் 'வெளியே போவது' என்று ஒன்றாகப் பார்ப்பதால்தான் என்று தோன்றுகிறது. கடற்கரைக் காற்றில் மூச்சோடு வரும் கிருமி கலைந்துவிடும். ஏசி போட்டு ஜன்னலை மூடிய மண்டபத்தில் அது அங்கேயே தங்கும். பந்தியில் மாஸ்க்கையும் கழற்றியாக வேண்டும். திறந்தவெளி என்றாலும் நெரிசல் கூடாது. 2020 மே மாதம் நெரிசலில் தொற்று பரவி கோயம்பேடு சந்தையையே மூட வேண்டி வந்ததே! விடியற்காலையில் போகச் சொல்லுங்கள்.

சுகாதாரத் துறை தொற்று அறிக்கை வெளியிட்டால், அதில் பரிசோதனை எத்தனை, தொற்று எத்தனை என்று பாருங்கள். தொடர்ந்து 14 நாள் 100 பரிசோதனைக்குத் தொற்று 5-க்குக் கீழே இருந்தால் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்பது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு.

அப்புறம், அவருக்குச் சர்க்கரையோடு சிறுநீரகப் பிரச்சினையும் இருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலோ, தடுப்பூசியின் பலன் குறையலாம். அப்படியானால் இரண்டு வாரக் கணக்கை நம்பாமல் டாக்டரிடம் கேளுங்கள்.