கணிதச் சங்கங்கள் ஒரு நாட்டின் கல்விக் கொள்கையில் எவ்வாறு செல்வாக்குப் பெறுகின்றன?

கணிதச் சங்கம் என்பது கணித ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் தொழில்சார் அமைப்பு. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும் அரசு அதன் சொல்லுக்குக் காதுகொடுக்கக் காரணம், பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யும் மாற்றம் சில ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக வகுப்பறையில் என்ன விளைவைத் தருகிறது என்பதை அதன் உறுப்பினர்கள் நேரில் காண்கிறார்கள் என்பதுதான். மாடி எழுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் வீட்டுக்காரர். தூண் தாங்குமா என்று சொல்பவர் பொறியாளர்.

1995இல் லண்டன் கணிதச் சங்கம் வேறு இரு சங்கங்களுடன் இணைந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்கள் இயற்கணிதக் கோவைகளைச் சரளமாகச் சுருக்கவும், பல படிகள் கொண்ட கணக்கைப் பகுத்துப் பார்க்கவும் திணறுவதையும், நிறுவல் என்றால் என்ன என்ற புரிதலே தேய்ந்திருப்பதையும் அது எடுத்துக்காட்டியது. தரம் சரிந்துவிட்டது என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பாமல், எந்த இடத்தில் என்று சுட்டியதே அதன் பலம் என்பேன். அமெரிக்காவில் 1989இல் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றம் வெளியிட்ட தர வரையறைகள் எந்த மாநிலத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதவை. இருந்தும் பல மாநிலங்கள் அவற்றையொட்டித் தம் பாடத்திட்டங்களை அமைத்தன. பின்னர்க் கணித அறிஞர்கள் பலரே அவற்றைக் கடுமையாக எதிர்த்தது தனிக் கதை.

கணிதச் சங்கங்களை ஆசிரியர் தொழிற்சங்கங்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஊதியமும் பணி நிபந்தனைகளும் இவற்றின் முதன்மை வேலை அல்ல, பாடத்தின் உள்ளடக்கமும் அதைக் கற்பிக்கும் முறையுமே இவை பேசும் பொருள்.