பழைய டர்பைன் கார்டு: கேட்டவர்களுக்குப் பதில்

நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே சின்னதாக ஒரு ரிப்பேர் பெஞ்ச் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சர்க்கரை ஆலை, காகித ஆலை என்று இன்ஸ்ட்ருமென்ட் வேலையிலேயே தலை நரைத்தது. இந்தப் பக்கம் திருத்தணி, அந்தப் பக்கம் புத்தூர், சித்தூர் என்று, டர்பைனைக் கட்டுப்படுத்தும் பழைய எலக்ட்ரானிக் கார்டுகளை (சர்க்யூட் போர்டுகளை) பற்றி ஆளாளுக்குக் கேட்டதை எல்லாம் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சார், கரும்பு அரவை நடக்கும்போது கவர்னர் (டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டிஸ்ப்ளே அணைந்து டர்பைன் டிரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது. இந்த மாடலை கம்பெனி நிறுத்திவிட்டது. கார்டு எங்கே கிடைக்கும்? (ஷிப்ட் இன்ஜினியர், சித்தூர் பக்கம்)

கார்டு போனது என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் எது நின்றாலும் முதல் வார்த்தை ‘கார்டு போயிந்தி’ தான். முதலில் கவர்னர் டெர்மினலிலேயே மீட்டரை வைத்து 24 வோல்ட்டைப் பாருங்கள். அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது. சப்ளையை மாற்றினால் வேலை முடிந்தது.

ஒரு ஆலையில் இதே புகார். மூன்று நாள் அரவை நின்று, புதுக் கார்டுக்கு ஆர்டரும் போட்டாயிற்று. பானலைத் திறந்தால் பவர் சப்ளை கார்டின் மேல் ஒரு பல்லி கருகி ஒட்டிக் கிடக்கிறது. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறான், பவர் சப்ளைக்குப் போடவில்லை. கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டதுதான் காரணம்.

அண்ணா, ஜிஇ கம்பெனியின் மார்க் ஃபைவ் என்ற பழைய டர்பைன் கன்ட்ரோல் பானலுக்கு வெளி மார்க்கெட்டில் கார்டு தேடுகிறோம். கடைசி எழுத்து மட்டும் மாறி வருகிறது. வாங்கலாமா? (பர்ச்சேஸ் பிரிவு, காஸ் டர்பைன் நிலையம்)

மார்க் ஃபைவ் கார்டு எண் பெரும்பாலும் டிஎஸ்200 என்று தொடங்கும். அதற்கு அடுத்து வந்த மார்க் சிக்ஸ் என்றால் பெரும்பாலும் ஐஎஸ்200. அதற்கு அடுத்த நான்கு எழுத்து கார்டு செய்யும் வேலை. பிறகு ஜி1, ஜி2 என்று வருவது குரூப். குரூப் மாறினால் அது வேறு கார்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பின்னால் வரும் எழுத்துகள் திருத்தங்கள். பொதுவாகப் பிந்திய திருத்தம் முந்தியதன் இடத்தில் ஓடும். முந்தியதைப் பிந்தியதன் இடத்தில் போடுவதுதான் வம்பு. விற்பவரிடம் பட்டியல் படம் வாங்காதீர்கள். அந்தக் கார்டையே இரண்டு பக்கமும் எடுத்த படம் வேண்டும், எண் தெரிய வேண்டும்.

பழைய கார்டைத் திருப்பிக் கொடுத்தால் விலை குறைப்பேன் என்பார்கள். புதியது லோடில் ஓடும்வரை பழையதைக் கையை விட்டு விடாதீர்கள். அதில்தான் உங்கள் ஈப்ராம் சிப்பும் (புரோகிராம் பதிந்த சிப்) ஜம்பர் அமைப்பும் (பின்களை இணைத்து செட்டிங் வைக்கும் சின்ன மூடிகள்) இருக்கின்றன. சிப்பைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டியிருக்கும். ஜம்பர் ஒவ்வொன்றையும் பழையதைப் பார்த்து வைக்க வேண்டும். கார்டை உருவுவதற்கு முன்னால் செல்போனில் படம் எடுங்கள். உருவிய பிறகு எடுத்தால் எந்த ரிப்பன் கேபிள் எந்த சாக்கெட்டில் இருந்தது என்று படத்தில் இருக்காது.

வந்த கார்டு அசலா, ஒப்பேற்றியதா?

சிப்பின் மேல் நான்கு இலக்கம் இருக்கும். 9423 என்றால் 1994-ஆம் வருடம் 23-ஆம் வாரம். எல்லா சிப்பும் 94, 95 என்று தொடங்க ஒன்று மட்டும் 11 என்று, அதாவது 2011-ஆம் வருடம் என்று தொடங்கினால், யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமல்ல, ஆனால் ‘புத்தம் புதுசு’ என்று விலை சொன்னால் கேள்வி கேளுங்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுச் சிப்பின் முதுகைத் துடைத்தால் கறுப்பு மை வந்தால், அது பெயர் மாற்றி எழுதிய சிப்.

கவர்னரை மாற்றியாயிற்று, செட்டிங் எல்லாம் ‘ஏறக்குறைய’ போட்டுவிட்டோம். ஸ்டார்ட் செய்யலாமா? (ஆபரேட்டர், திருத்தணி)

கூடாது. ஏறக்குறைய என்பது குழம்புக்கு உப்பு போடுகிற பேச்சு.

வேகம் கவர்னருக்கு எப்படித் தெரிகிறது? ஷாஃப்டில் பல்சக்கரம், அதன் எதிரில் காந்த பிக்கப், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின் துடிப்பு தரும் சென்சார். 60 பல், 3000 சுற்று என்றால் நொடிக்கு 3000 துடிப்பு. இப்போது புது கவர்னரில் பல் எண்ணிக்கையை 72 என்று போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 3000 ஓடும்போது அது 2500 என்று படிக்கும். போதவில்லை என்று நீராவியைத் திறந்துகொண்டே போகும். டிஸ்ப்ளேயில் 3000 வரும்போது ஷாஃப்ட் 3600 சுற்றுகிறது. 110 சதவீதத்தில், அதாவது 3300-இல் டிரிப் ஆகும் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அது டிரிப் கொடுக்கும்போது உண்மை வேகம் 3960. அந்த வேகத்தில் பிளேடு இருக்குமா, கேசிங் இருக்குமா, பக்கத்தில் நிற்கும் நீங்கள் இருப்பீர்களா?

அதனால் பல்லை எண்ணுங்கள். மேனுவலைப் பார்த்தல்ல, கவரைக் கழற்றி, சாக்பீஸால் ஒரு பல்லில் குறி போட்டு, இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். உங்கள் கவர்னர் உட்வேர்டு 505 மாடல் என்றால் மேனுவலின் பின்பக்கம் செட்டிங் எழுதும் படிவம் இருக்கும். பழைய யூனிட் உயிரோடு இருக்கும்போதே அதை நிரப்பி வையுங்கள். பிறகு பிக்கப் கேபிளைக் கழற்றி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் கொடுத்து டிஸ்ப்ளே என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மெல்ல ஏற்றி 3300-இல் டிரிப் ரிலே விழுகிறதா என்றும் பாருங்கள். கவர்னரைச் சாராத தனி ஓவர்ஸ்பீட் டிரிப் வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை நீராவி வால்வைத் தொடக்கூடாது.

எங்கள் ஆலையில் இரண்டு வருடத்துக்கு ஒரு கார்டு சாகிறது. சாபமா?

கழிவுநீர்க் குட்டை கன்ட்ரோல் ரூமுக்கு எந்தப் பக்கம்? அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா? ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரிலே கான்டாக்டிலும் சின்ன ரெசிஸ்டர்களின் உள்ளேயும் வெள்ளிதான். வெள்ளிப் பூஜை விளக்குக்கு ஆவது இங்கேயும் ஆகிறது. கதவை மூடுங்கள், காற்று நுழையும் இடத்தில் கரி ஃபில்டர் போடுங்கள். ஏசி கெட்டுப்போனால் பானலைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் விடுவதை நிறுத்துங்கள்.

சூடும் ஒரு காரணம். 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டருக்கு, 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் சுமார் இரட்டிக்கும். 65 டிகிரியில் 32,000 மணி. கேட்கப் பெரிதாக இருக்கிறது, இடைவிடாமல் ஓடினால் நான்கு வருடம்கூட இல்லை.

ஸ்டோர்ஸில் 12 வருடமாக பிரிக்காத ஸ்பேர் இருக்கிறது. அப்படியே மாட்டலாமா?

பிரிக்காதது என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. மின்சாரமே பார்க்காத எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் வலுவிழக்கும். கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில் முதலில் உயிர் கொடுங்கள், சந்தேகம் இருந்தால் கெப்பாசிட்டரை மாற்றிவிடுங்கள். சென்னை ரிட்சி தெருவிலேயே கிடைக்கும். பேட்டரி உள்ளே புதைத்த மெமரி சிப் இருந்தால், அதன் பேட்டரிக்கும் சுமார் 10 வருடம்தான் கணக்கு.

அண்ணே, கார்டின் தங்க முனையை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்யலாமா? ஐடிஐயில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

வேண்டாம் தம்பி. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் தேய்த்துக் கரைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. கையில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு.

மொத்தமாகப் புது சிஸ்டம் போட்டுவிட்டால் என்ன? (மேனேஜர், பெயர் வேண்டாம் என்றார்)

உங்களிடம் முக்கியமான கார்டுக்குச் சோதித்த ஸ்பேர் இரண்டு இருந்தால் இன்னும் சில சீசன் ஓட்டலாம். கடைசி ஸ்பேரையும் மாட்டிவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே புது சிஸ்டத்துக்குக் கோட்டேஷன் கேளுங்கள். மார்கழியில் கரும்பு வண்டி வரிசையில் நிற்கும்போது கேட்டால் விலையை அவர்கள்தான் சொல்வார்கள். அரவை முடிந்து சித்திரையில் கேட்டால் பேரம் உங்கள் கையில் இருக்கும். பழைய பானலிலிருந்து கழற்றும் கார்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எனக்கு ஒரு போன் போடுங்கள்.