அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கறி?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் யாரும் சைவம் பேசுகிறவர்கள் இல்லை. ஆடு, கோழி, மீன், நண்டு எல்லாம் உண்டு. நானே ஒரு காலத்தில் மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் ‘சைவம் மட்டும்’ என்று சொல்லி வீடு மறுக்கப்பட்டவன். ஆனால் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுக்கறி சமைக்கிறது, எப்போதாவது பன்றிக்கறியும். இதைத் தடுக்கக் குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட இருக்கிறோம். இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு நாய், பூனை என்று போகாதா? எதைத் தின்பது என்பதற்கு ஓர் எல்லை வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொளத்தூர்

பதில்: அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவராதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களை அப்புறம் வரிசையாகப் பார்ப்போம்.

நாய், பூனை பற்றிய பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. இறைச்சிக்கு உரிய விலங்குகள் எவை என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. ஆடு, மாடு, பன்றி, கோழி, முயல் அதில் வருகின்றன. நாயும் பூனையும் வரவில்லை. உடும்புக்கறியைச் சங்கப் பாடல்கள் விருந்தாகவே பேசுகின்றன. இன்றைக்கு உடும்பைப் பிடித்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைதான். அந்த இனம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட எல்லை அது. யாருக்கும் அதன் நியாயம் புரியும்.

மாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1958-இல் வந்த சட்டம், 10 வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடுகளைச் சான்றிதழ் பெற்று வெட்ட அனுமதிக்கிறது. பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்று 1976-இல் ஓர் அரசாணை வந்தது. மாட்டுக்கறியை வாங்குவதும் சமைப்பதும் சாப்பிடுவதும் இங்கே குற்றம் இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். எதைச் சாப்பிட வேண்டும் என்று அரசு தனக்குச் சொல்வதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று அதில் நீதிபதி செலமேஸ்வர் எழுதினார். அரசுக்கே இல்லாத அதிகாரம் உங்கள் சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது?

சட்டம் கிடக்கட்டும், தர்மம் என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எனக்கும் நாய்க்கறி என்றால் குமட்டும். வாசலில் படுத்து, பேர் சொன்னால் வாலாட்டும் ஒரு ஜீவனைச் சட்டியில் போட மனம் ஒப்பாது. அந்த உணர்வைப் பொய் என்றோ பிற்போக்கு என்றோ சொல்ல மாட்டேன். பன்றியைத் தொடாத இஸ்லாமியரும், மாட்டைத் தொடாத இந்துவும், காய்கறியோடு நிறுத்திக்கொள்ளும் ஜைனரும் தங்கள் தட்டில் எதை வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று முடிவு செய்ய முழு உரிமை உள்ளவர்கள். குமட்டலுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அந்தக் குமட்டலை அடுத்தவரின் குணத்துக்கு அளவுகோலாக ஆக்கும்போதுதான் நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. அறிவுள்ள விலங்கைத் தின்னக் கூடாது என்றால், பன்றி நாய்க்குக் குறைந்த அறிவு கொண்டதில்லை என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. நமக்குப் பால் தரும் விலங்கு என்றால் ஆடும் பால் தருகிறது. அதைவிட, காலையில் நாம் குடிக்கும் காபியை நினைத்துப் பாருங்கள். கறவை வற்றிய மாடும், பால் தராது என்பதற்காக யாரும் வளர்க்காத காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று பால்காரரைக் கேட்டால் தெரியும். பாலும் கறியும் ஒரே தொழுவத்திலிருந்துதான் வருகின்றன. பால் குடிக்கிறவர் மாட்டுக்கறி தின்கிறவரைப் பார்த்துக் கொலைகாரர் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

பழைய பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒன்று. அகநானூற்றில் மழவர் என்னும் வீரர்கள் கொழுத்த மாட்டைத் தின்கிறார்கள். புறநானூற்றில் அந்தணரான கபிலர், ஊனும் கறிசோறும் உண்பதைத் தவிர வேறு வேலை அறியாததால்தான் தன் கை மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனிடம் சொல்கிறார். பிறகு வந்த வள்ளுவர் புலால் மறுத்தல் என்று தனி அதிகாரமே வைத்தார். அந்தப் பத்துக் குறளிலும் ஆடு சரி, மாடு தப்பு என்ற பேச்சே கிடையாது. தன் ஊனைப் பெருக்கப் பிற உயிரின் ஊனைத் தின்பவனுக்கு அருள் ஏது என்று பொதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி உங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பையும் சேர்த்துத்தான் கேட்கிறது. வள்ளுவர் வழியில் எல்லா உயிரையும் விட்டவர் வந்து என்னிடம் வாதாடினால் கைகட்டிக் கேட்பேன். பாதி வழியில் நின்றுகொண்டு மேலிடம் கேட்கிறவர்களிடம் எனக்கு அந்த மரியாதை வரவில்லை.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014-ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்கெடுப்பு காட்டியது. அதனால் இங்கே பெரிய சண்டை சைவத்துக்கும் அசைவத்துக்கும் நடுவில் நடப்பதில்லை. கறிக்குள்ளேயே மேல், கீழ் என்று படி கட்டுவதில் நடக்கிறது. எந்தக் கறி எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தால், அதைத் தின்னும் சாதி எந்தப் படியில் நிறுத்தப்பட்டதோ அதே படியில்தான் நிற்கும். மாடு, பன்றி, இருளர் பிடிக்கும் வயல் எலி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 2022-இல் ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா அறிவித்து, அதில் மாட்டுக்கறி பிரியாணியை விட்டுவிட்டபோது, இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கேட்டது மிகச் சரி.

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் இறைச்சி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, இது நாய்க்கறி என்று பரிசோதனைக்கு முன்பே ஊர் முழுக்கச் செய்தி பரவியது. பிரியாணியில் நாய் என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அடி விழுந்தது தள்ளுவண்டிக்கடைக்காரர்களுக்கும் சிறிய பிரியாணிக் கடைகளுக்கும்தான். சில நாட்களில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வு முடிவைச் சொன்னது: ஆட்டுக்கறி. வதந்தி பரப்பிய எத்தனை பேர் அந்த முடிவையும் அனுப்பினார்கள்? அந்தக் கறியை எங்கே வெட்டினார்கள், எந்த மருத்துவர் பார்த்து முத்திரை வைத்தார், அவ்வளவு தூரம் ஐஸ் தாங்கியதா என்று கேட்டிருந்தால் ஊருக்கே பயன்பட்டிருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. பூனைக்கறி வதந்தியும் அப்படித்தான், வந்தால் நரிக்குறவர் மேலும் ரோட்டோரக் கடை மேலும் விழும். ஏசி போட்ட ஓட்டல் மேல் விழுந்து நான் பார்த்ததில்லை.

எல்லைகள் மாறவே மாறாதா என்றால், மாறும். தென்கொரியாவில் நாய்க்கறி பழைய வழக்கம். நாயை வீட்டுப் பிள்ளையாக வளர்க்கும் தலைமுறை அங்கேயே வளர்ந்தது. அவர்களே பேசிப் பேசி, 2024-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2027 வரை தொழிலை மாற்றிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். நாகாலாந்தில் 2020-இல் மேலிருந்து ஓர் உத்தரவாக வந்த நாய்க்கறித் தடையை, உத்தரவிட்டவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்று கௌகாத்தி உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்தது. தின்னும் மக்களே மனம் மாறி விடுவது வேறு, தின்னாதவர்கள் போய்த் தடுப்பது வேறு.

விலங்குகள் மேல் உங்களுக்கு உண்மையாகவே இரக்கம் இருந்தால், அதைக் காட்ட நம் ஊரில் இடம் நிறைய இருக்கிறது. விடிகாலையில் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழிகளோடு பைக்குகள் போவதைக் கொளத்தூரிலேயே பார்த்திருப்பீர்கள். விலங்குகளை வதைபடும்படி ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பல வருஷம் வாழக்கூடிய கோழியை நாம் ஆறு வாரத்தில் வளர்த்து வெட்டுகிறோம். முட்டைக் கோழி நிமிர்ந்து சிறகு விரிக்க முடியாத கூண்டில் காலம் தள்ளுகிறது. உங்கள் சங்கம் கறி வாங்கும் கடைக்குப் போய், கோழியைப் பெட்டியில் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வேறு கடை பார்ப்போம் என்று சொன்னால் அடுத்த வாரமே மாற்றம் தெரியும். அப்படி ஒரு தீர்மானம் போடுங்கள், நான் இந்தப் பக்கத்திலேயே பாராட்டி எழுதுகிறேன்.

கடைசியாக உங்களைப் பற்றி. ‘சைவம் மட்டும்’ என்று கதவைச் சாத்தியவர்கள் உங்களிடம் என்ன காரணம் சொன்னார்கள்? வாடை, சுத்தம், மற்ற குடித்தனக்காரர்கள் சங்கடப்படுவார்கள் என்றுதானே? உங்கள் தீர்மானத்திலும் இதே காரணங்கள்தான் இருக்கும். அன்றைக்கு உங்களுக்கு வலித்தது இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வலிக்காதா? 2018-இல் சென்னை ஐஐடி உணவு விடுதியில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனி கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டியபோது ஊரே கொதித்தது. நீங்களும் கொதித்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

வாடை நிஜமான தொந்தரவு என்றால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக விதி போடுங்கள். அடுப்படிக்குப் புகைபோக்கி, எலும்பையும் மீன் செதிலையும் கட்டித்தான் குப்பையில் போட வேண்டும், கொழுப்பைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கருவாடு வறுக்கும் வீட்டுக்கும் இது பொருந்த வேண்டும். அந்தக் குடும்பத்தைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அழைக்கவில்லை என்றால், இந்த வாரமே நீங்களே நேரில் போய் அழையுங்கள்.