யூராசிலை அகற்றும் நொதி: கேள்வி பதில்

யூராசில் ஆர்.என்.ஏ.வுக்கு உரியதாயிற்றே, அதை டி.என்.ஏ.விலிருந்து நீக்க மனித செல்லில் ஏன் ஒரு நொதி?

டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களில் ஒன்றான சைட்டோசின் நிலையானதல்ல. தண்ணீர் பட்டே தன் அமினோ தொகுதியை இழந்து யூராசிலாகிவிடும். ஒரு செல்லில் நாளொன்றுக்கு 100 முறைக்கும் மேல் இப்படி நடக்கிறது. அப்படியே விட்டால், டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது அந்த யூராசில் அடினின் என்ற காரத்தோடு ஜோடி சேர்ந்து மரபுச் செய்தியையே மாற்றிவிடும். இதைச் சரிசெய்ய ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று தேடிய தாமஸ் லிண்டால், 1974இல் ஈ.கோலை பாக்டீரியாவில் இந்த நொதியை, அதாவது யூராசில் டி.என்.ஏ. கிளைகோசிலேஸைக் கண்டறிந்தார். 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

அடுக்கடுக்காக உள்ளே இருக்கும் காரத்தை நொதி எப்படிப் பிடிக்கிறது?

உள்ளே நுழைவதில்லை, யூராசிலையே வெளியே புரட்டி எடுக்கிறது. மனித நொதியின் படிக அமைப்பு 1995இல் வெளியானது. டி.என்.ஏ.வைத் தாங்க ஒரு பள்ளம், அதன் அடியில் யூராசில் மட்டும் பொருந்தும் சிறு குழி. டி.என்.ஏ.வின் முதுகெலும்பை நொதி இறுக்கிப் பிடிக்க, நொதியின் 272ஆம் இடத்திலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் இழைக்குள் புகுந்து, யூராசில் விட்டுப்போன இடத்தை அடைத்துக்கொள்கிறது. அடுத்து, சர்க்கரையோடு யூராசிலை இணைக்கும் பிணைப்பு அறுபடுகிறது.

டி.என்.ஏ.வின் இன்னொரு காரமான தைமினுக்கும் யூராசிலுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதானே வித்தியாசம்? தவறுதலாகத் தைமினை வெட்டிவிடாதா?

எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத இடம் இது. குழியின் வாயிலில் 147ஆம் டைரோசின் நிற்கிறது. தைமினின் மெத்தில் தொகுதி அதில் முட்டுவதால் உள்ளே நுழைய வழியில்லை. சைட்டோசினைத் தடுப்பது 204ஆம் ஆஸ்பராஜின். அதன் ஹைட்ரஜன் பிணைப்புகள் யூராசிலுக்கே பொருந்தும். வெறும் ஊகமல்ல இது. ஆய்வகத்தில் அந்த டைரோசினுக்குப் பதில் சிறிய அலனினை வைத்தார்கள்; நொதி தைமினையும் அகற்றத் தொடங்கியது. ஆஸ்பராஜினை ஆஸ்பார்டிக் அமிலமாக்கியபோது சைட்டோசினும் தப்பவில்லை. 300க்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில், ஒன்றை மாற்றினாலே காவலன் கொள்ளையனாகிவிடுகிறான்!

யூராசில் போன பிறகு அந்த வெற்றிடம்?

வேறு நொதிகளின் பொறுப்பு. ஒன்று இழையை வெட்ட, பாலிமரேஸ் சரியான காரத்தை வைக்க, லிகேஸ் ஒட்டிவிடும்.

பிறவியிலேயே இந்த நொதி இல்லாதவர்கள் உண்டா?

மிக அரிதாக உண்டு. அவர்களுக்கு முதலில் பாதிக்கப்படுவது நோய் எதிர்ப்பு சக்தி. ஆன்டிபாடிகளை உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் ஒரு வகை ஆன்டிபாடியிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதற்காக, தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே யூராசிலை உண்டாக்குகின்றன. அதை அகற்ற இந்த நொதி வராவிட்டால் மாற்றம் தடைபடும். ஐ.ஜி.எம். வகை ஆன்டிபாடி மிகுந்துபோய், ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ. வகைகள் குறைந்துவிடும்; தொற்றுகள் அடிக்கடி வரும். 2003இல்தான் இந்தக் காரணம் தெரிய வந்தது.

வைரஸ்கள் இதை ஏமாற்றுமா?

பாக்டீரியாவைத் தாக்கும் பி.பி.எஸ்.2 வைரஸின் டி.என்.ஏ.வில் தைமினே கிடையாது, அதன் இடத்தில் முழுக்க யூராசில்தான். ஆகவே அது ஒரு சிறு புரதத்தைச் செய்து, பாக்டீரியாவின் கிளைகோசிலேஸை முடக்குகிறது. புரதத்தின் எதிர்மின் பரப்பு டி.என்.ஏ.வைப் போலவே தோன்றுவதால் நொதி அதைப் பற்றிக்கொண்டு, பிறகு விடுவதேயில்லை. மனித நொதியும் அதே புரதத்திடம் சிக்கிக்கொள்கிறது.